இரண்டு சித்திகள்

ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குத் தானும் வருவதாக அத்தான் சொன்னபோதே சின்னவளுக்கு மனதில் ஏதோ நெருடியது. லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை அவருக்கு. நகரத்தில் எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும் அவருடைய கைபேசிதான் அலறும். அதற்கு ஞாயிறும் கிடையாது, திங்களும் கிடையாது. அக்கா இருந்த காலத்திலேயே அவர் பூங்காப் பக்கம் எட்டிப் பார்த்தவர் இல்லை. “கூட இன்னொருத்தரும் வராங்க,” என்று சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னார். யார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம்.

அக்கா போய் இரண்டு வருஷம் ஆகிறது. சாதாரணக் காய்ச்சல் என்று தன் காலால் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவளை, அந்த வாரம் முடிவதற்குள் துணி சுற்றிக் கொண்டுவந்தார்கள். அக்காவின் பெண்ணுக்கு அப்போது ஐந்து வயது. பையனுக்கு ஒன்றுகூட முடியவில்லை. அன்று பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்ட சின்னவள், அப்புறம் இறக்கி வைக்கவே இல்லை என்று சொல்லலாம். அடுத்த தெருவில் ஓர் ஒற்றை அறைதான் அவளுக்கு வீடு. விடிந்ததும் அங்கிருந்து ஓடிவருவாள். பெண்ணுக்குத் தலை பின்னி, பையனுக்கு மூக்குத் துடைத்து, ஒன்றைப் பள்ளிக்கூடத்திலும் இன்னொன்றைக் குழந்தைகள் காப்பகத்திலும் விட்டுவிட்டு, பல் செட் செய்யும் லேபுக்கு வேலைக்குப் போவாள். சாயங்காலம் அதே ஓட்டம் திரும்பவும். ஞாயிறு மட்டும் ஓட்டம் கிடையாது. அன்றைக்கு மூவரும் பெரிய பூங்காவுக்குப் போய்விடுவார்கள்.

ஓரிடத்தில் நிற்காதவள் என்பதால் பெண்ணுக்கு வாலு என்று பெயர். நடப்பதைவிட உருள்வது அதிகம் என்பதால் பையனுக்கு உருண்டை. இரண்டு பெயரும் சின்னவள் வைத்ததுதான்.

அத்தானையே கட்டிக்கொண்டால் என்ன என்று ஆரம்பத்தில் ஆளாளுக்கு ஜாடை பேசினார்கள். அக்கா சாப்பிட்ட தட்டில் தன்னால் சாப்பிட முடியாது என்று அவள் பட்டென்று சொல்லிவிட்டாள். அத்தானும் அப்பாடா என்று மூச்சு விட்டதைப் பார்த்தாள். அவரை வேண்டாம் என்று சொன்னது ஒருநாள் பிள்ளைகளையும் வேண்டாம் என்று சொன்ன மாதிரி வந்து நிற்கும் என்பது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

பூங்கா வாசலில் ஒரு பெண் காத்துக்கொண்டு நின்றாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள். கண்ணாடி உடைந்துபோய் மாற்றப்போன இடத்தில் பழக்கமாம், அத்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். கண்ணாடிக்கடைக்காரி என்று சின்னவள் மனதுக்குள் அவளுக்கு ஒரு பெயர் வைத்தாள். ஏதாவது குறை கண்டுபிடிக்கலாம் என்று ஏற இறங்கப் பார்த்தாள். சாதாரண முகம், சாதாரணச் செருப்பு, பயந்த கண். குறை சொல்ல ஒன்றும் அகப்படாததே எரிச்சலாக இருந்தது.

அந்தப் பெண் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மஞ்சள் தொப்பி வாங்கி வந்திருந்தாள். உருண்டை உடனே தலையை நீட்டினான். வாலு தொப்பியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இவங்களை எப்படிப்பா கூப்பிடறது?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“சித்தின்னு கூப்பிடும்மா.”

“சித்தி இதோ இருக்காங்களே,” என்றாள் வாலு, சின்னவளின் கையைப் பிடித்து இழுத்துக் காட்டி. கடையில் தப்பான சில்லறை கொடுத்தவனிடம் பேசுவதுபோல் நிதானமாகத்தான் சொன்னாள். அத்தான் தொண்டையைச் செருமினார். கண்ணாடிக்கடைக்காரி, எப்படி வேண்டுமானாலும் கூப்பிடட்டும், அவசரமில்லை என்றாள். சின்னவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அம்மாவின் தங்கையும் சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவியும் சித்தி. மொழியில் இப்படி ஓர் இடம் விட்டுவைத்தவனை அவள் அந்த நேரத்தில் மனதாரத் திட்டினாள்.

பூங்காவைச் சுற்றிவரும் குட்டி ரயிலில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கண்ணாடிக்கடைக்காரி ஏறினாள். அத்தான்தான் அனுப்பினார். ரயில் மரங்களுக்குள் மறைந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து விஷயத்தை எடுத்தார். அடுத்த மாதம் பதிவுத் திருமணம். வேலைக்குப் பக்கத்தில் வீடு பார்த்தாகிவிட்டது. இனிமேல் அவள் விடியலில் எழுந்து ஓடிவர வேண்டாம். அவளுக்கும் ஒரு வாழ்க்கை இருக்கிறது. இதெல்லாம் நல்ல வார்த்தைகள்தான்; அவர் நல்லவிதமாகத்தான் சொன்னார்.

“ஞாயித்துக்கிழமை?” என்று கேட்டாள்.

“கொஞ்ச நாளைக்கு அதுவும் வேண்டாமே. பசங்க புதுசா ஒருத்தர்கிட்ட பழகணும் இல்லையா, நீ இருந்தா உன்கிட்டயேதான் ஒட்டிக்குவாங்க.”

“இதை அவங்க சொன்னாங்களா?”

“நான்தான் சொல்றேன்.”

எதிரே யாரோ ஒரு தகப்பன் தன் குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தான். குழந்தை இன்னும், இன்னும் என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ரயில் திரும்பி வந்து நின்றபோது உருண்டை தூக்கக் கலக்கத்தில் இருந்தான். கண்ணாடிக்கடைக்காரி அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு பார்த்துப் பார்த்து இறங்கினாள். இறங்கித் திரும்பினால் வாலுவைக் காணோம். முன்னால் குதித்து இறங்கினாளே, அப்பாவிடம் ஓடி வரவில்லையா என்று கேட்டாள். வரவில்லை.

எங்கே போயிருப்பாள் என்று சின்னவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ரயில் கொட்டகைக்குப் பின்னால், ஓட்டத்திலிருந்து எடுத்துப் போட்ட பழைய பெட்டி ஒன்று புல்லுக்குள் கிடந்தது. அவளும் வாலுவும் வீட்டு விளையாட்டு விளையாடுகிற இடம் அது. கோபம் வந்தால் வாலு அங்கேதான் போய்க் குந்திக்கொள்வாள். சித்தி வந்து சமாதானம் சொல்லிக் கூட்டிவர வேண்டும். வேறு யாருக்கும் தெரியாது. பாம்பு பல்லி எதுவும் அண்டாத, நாலு பக்கமும் தகரம் அடித்த பத்திரமான பெட்டி.

இதோ பார்த்துவிட்டு வருகிறேன் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை அவள் விழுங்கினாள்.

கொஞ்ச நேரம்தான், என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். கொஞ்ச நேரம் தேடட்டும். பெற்ற பிள்ளை எங்கே ஒளியும் என்றுகூடத் தெரியாதவர், சித்தியை வேண்டாம் என்கிறாரே, தேடிப் பார்க்கட்டும். அவரே வந்து, நீ இல்லாமல் முடியாது என்று சொல்லட்டும்.

அத்தான் சறுக்குமரம் பக்கம் ஓடினார். காவலாளி ஒலிபெருக்கியில், நீலக் கவுன், மஞ்சள் தொப்பி, ஏழு வயது என்று அறிவித்தார். சின்னவளும் தேடினாள். கொட்டகைக்கு நேர் எதிர்த் திசையில் நடந்து, எல்லாரையும்விடச் சத்தமாக வாலு, வாலு என்று கூப்பிட்டாள். தன் குரலில் இருந்த பதற்றத்தைக் கேட்டு அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

குளத்தங்கரையில் கண்ணாடிக்கடைக்காரி உருண்டையைச் சுமந்துகொண்டு எதிரே ஓடிவந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. ரயிலிலேயே நான் கையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும், பையனைப் பார்த்ததில் விட்டுவிட்டேன் என்று மூச்சிரைக்கச் சொன்னாள். சின்னவள் அவள் முகத்தைப் பார்த்தாள். இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் படகுத்துறையைக் கை காட்டினாள். அந்தப் பக்கம் திரும்பிய கண்ணாடிக்கடைக்காரி அப்படியே நின்றாள்.

தண்ணீரில், கரையிலிருந்து கொஞ்சம் தள்ளி, இலைகளுக்கு நடுவே மஞ்சள் தொப்பி மிதந்துகொண்டிருந்தது.

“இவனைப் பிடிங்க,” என்று உருண்டையைச் சின்னவளின் கையில் திணித்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. நீச்சல் தெரிந்தவள் இப்படிக் கையை வீச மாட்டாள் என்று பார்த்ததுமே புரிந்தது. தொப்பியைச் சுற்றித் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினாள், அழுதுகொண்டே துழாவினாள்.

“அவ தண்ணில இல்ல, வெளிய வாங்க!” என்று சின்னவள் கத்தினாள். “ரயில் பெட்டில இருக்கா!”

சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். திரும்பிய இடத்தில் சேறு சரிந்து காலை உள்ளே வாங்கியது. தலை உள்ளே போயிற்று. ஒரு கை மட்டும் மேலே வந்தது, அதுவும் போயிற்று. உருண்டை வீறிட்டான். சின்னவள் அவனை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். மிதிபடகுகளுக்குக் காவல் இருந்தவர் கம்பை நீட்டியும் முடியாமல், தானே குதித்து, தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்து கரையில் போட்டார்.

வாயிலும் மூக்கிலும் சேற்றுத் தண்ணீர். அத்தான் வந்து மண்டியிட்டு முதுகைத் தட்டினார். வெகுநேரம் கழித்து இருமி, வாந்தியெடுத்து, கண்ணைத் திறந்தவள், “குழந்தை?” என்றாள்.

கொட்டகைக்குப் பின்னால் பழைய பெட்டியில் இருக்கிறாள் என்று சின்னவள் சொன்னாள். அத்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எழுந்து போனார். வாலுவைத் தூக்கிக்கொண்டு வந்தார். தொப்பியை ரயிலிலிருந்தே குளத்தில் வீசிவிட்டதாக வாலு வழியெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறாள். கூட்டத்தையும் ஈரமாகக் கிடந்தவளையும் கண்டு மிரண்டுபோய், சின்னவளின் பக்கம் திரும்பினாள்.

“ஏன் சித்தி இவ்ளோ நேரம்? நீங்க வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்.”

அத்தான் கையை நீட்டி உருண்டையைக் கேட்டார். அவள் கொடுத்தாள்.

குளத்துத் தண்ணீர் நுரையீரலில் தங்கி, அந்தப் பெண்ணுக்கு நிமோனியா கண்டது. மூச்சுக்குக் குழாய் வைத்துப் பல நாள் படுக்க வைத்தார்கள். திருமணம் தள்ளிப்போனது. மனது கேட்காமல் சின்னவள் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அத்தான் அவளை வராந்தாவிலேயே நிறுத்தினார். அவர் கத்துவார், திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று தயாராகப் போயிருந்தாள். அவர் கத்தவில்லை.

“தெரிஞ்சும் சொல்லாம இருந்திருக்க. எங்களைத் தேட விட்டுட்டு நீயும் கூடவே தேடியிருக்க.” சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அவ போயிருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு யோசிச்சுப் பாக்கறேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நீ வராத.”

அவள் வந்த வழியே திரும்பினாள்.

அந்தப் பெண் தேறி வந்ததும் திருமணத்தைப் பதிந்துகொண்டு அவர்கள் வீடு மாறிப் போனார்கள். காலையில் பழக்கத்தில் முன்கூட்டியே விழிப்பு வந்துவிடும். ஓட இடமில்லாமல் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படியோ பூங்காவில் போய் நின்றாள். பசங்க எங்கேம்மா என்று காவலாளி விசாரித்தார். ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்றாள். அதற்கப்புறம் போகவில்லை.

மழைக்காலம் முடியும் தறுவாயில் கண்ணாடிக்கடைப் பெண் லேபுக்கு வந்தாள். சின்னவள் மெழுகில் பல் வரிசை பதித்துக்கொண்டிருந்தாள். சுவர் நெடுக அலமாரிகளில் முகம் தெரியாத மனிதர்களின், அச்சு மாவில் வார்த்த தாடைகள். உள்ளே வந்தவள் மாவுத் தூசிக்கு இருமினாள். இருமல் லேசில் அடங்கவில்லை. ஆள் பாதியாக இளைத்திருந்தாள். சின்னவள் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். மன்னிப்பு கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வாயில் வரவில்லை.

“நான் வந்தது அவருக்குத் தெரியாது,” என்றாள் வந்தவள். “சின்னவன் படுக்கும்போது மாடி, மாடின்னு அழறான். மாடிக்குத் தூக்கிட்டுப் போனாலும் அழறான். அவருக்கும் புரியல. வாலு தெரியாதுங்கறா. தெரிஞ்சிருக்கும், சொல்ல மாட்டேங்கறா. அதான் உங்ககிட்ட கேக்கலாம்னு வந்தேன்.”

சின்னவளுக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவளுக்கென்று மிச்சமிருந்தது அது ஒன்றுதான். தெரியாது என்று சொல்லிவிட எவ்வளவு நேரமாகும்? அப்படிச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். பிறகு ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தாள்.

“அவன் உடம்புதான் கட்டடம். விரல்தான் லிஃப்ட். கால் கட்டை விரல்ல ஆரம்பிக்கணும், தரைத்தளம்.” மணிக்கட்டிலிருந்து ஒரு விரலை மெல்ல ஏற்றினாள். “முட்டி வந்தா முதல் மாடி. நிறுத்தி, கதவு திறக்குது, யாரு ஏறுறாங்கன்னு கேக்கணும். அவன் ஏதாவது பேர் சொல்வான். தொப்புள் ரெண்டாவது. மேல கழுத்து வரைக்கும் போறதுக்குள்ள தூங்கிடுவான். தூங்கலன்னா லிஃப்ட் ரிப்பேர், அப்பா வராருன்னு சொல்லிட்டு மறுபடி கீழேருந்து வரணும். அவசரப்படக் கூடாது, அவனுக்குத் தெரிஞ்சிடும்.”

அந்தப் பெண் தன் கையிலேயே ஒருமுறை செய்து பார்த்தாள். சரியா என்று கேட்டாள். இன்னும் மெதுவாக என்று சின்னவள் சொன்னாள். திரும்பவும் செய்தாள். சரி என்றாள்.

கிளம்பும்போது கதவருகில் நின்று, ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இவளைப் பற்றி நிறைய யோசித்ததாகச் சொன்னாள். ஏன் செய்தாள் என்பது புரிகிறதாம். புரிந்தாலும் இன்னும் ஆறவில்லையாம். குளிக்கும்போது தண்ணீர் முகத்தில் பட்டால் இப்போதும் மூச்சு நின்றுவிடுகிறதாம்.

“ஒரே ஒரு தடவை பாக்கலாமா? தூரத்திலேருந்து,” என்றாள் சின்னவள்.

வந்தவள் பையின் வாரைத் தோளில் சரி செய்தாள்.

“வாலு உங்களைக் கேக்கறதை நிறுத்திட்டா. முதல்ல தினம் கேட்டா. இப்ப இல்ல. நீங்க வந்துட்டுப் போனா மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கும். வேண்டாம்.”

குரலில் வஞ்சம் இல்லை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறுகிற ஒருத்தியின் களைப்புத்தான் இருந்தது. அதனால் சண்டை போடவும் வழியில்லை. படியிறங்கிப் போகும் இருமல் தெருமுனைவரை கேட்டது.

உள்ளறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்து, யாரு, அளவு கொடுக்க வந்தவங்களா என்று விசாரித்தார்.

“இல்ல சார். எங்க அக்கா பசங்களோட அம்மா,” என்றாள் சின்னவள். அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்காமல் விளக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, பாதியில் விட்ட பல் வரிசையின் மேல் குனிந்தாள்.