பின்மூடிக்குள் மூன்று தேதிகள்

பன்னிரண்டு வருடமாக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த கைக்கடிகாரத்தை எடுத்துக்கொண்டு நானும் மனைவியும் ரிப்பேர் கடைக்குப் போனோம். பெரிய கம்பெனியின் கடிகாரம், பேட்டரியில் ஓடும் ரகம். என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கிக் கொடுத்தது. அப்பா இறந்த அன்று நான் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தேன். ரயில் நடுவழியில் நின்றால் நான் இறங்கித் தள்ளவா முடியும்? "கையில இவ்வளவு பெரிய வாட்ச், நேரத்துக்கு வரத் தெரியல" என்று அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். அன்றே கழற்றிவிட்டேன், அண்ணனையும் சேர்த்துத்தான்.

நாளை மறுநாள் அவருக்கு இருதய ஆபரேஷன். அண்ணி என் மனைவிக்குப் போன் செய்து சொன்னார். எனக்குச் சொல்லவில்லை, அதையும் கவனித்தேன். போனால் போகிறது, போய்ப் பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் அந்தக் கடிகாரத்தைப் பளபளவென்று கட்டிக்கொண்டுதான் போவேன். பார்த்ததும் அவர் வாயடைத்துப் போக வேண்டும்.

மெக்கானிக் ஒரு கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு பின்மூடியைத் திறந்தார்.

"பேட்டரி கசிஞ்சு உள்ளே பச்சை பூத்திருக்கு சார். கம்பெனிக்கு அனுப்பினா மெஷினையே மாத்திடுவாங்க, கீறலெல்லாம் பாலிஷ் போட்டு எடுத்துடுவாங்க. புதுசு மாதிரி வரும். ஆனா ஆறு வாரம் ஆகும்."

"இல்லன்னா?"

"நானே துடைச்சுப் பார்க்கிறேன். சாயங்காலம் தரலாம். ஓடினா உங்க அதிர்ஷ்டம்."

அரைகுறை வேலை எனக்கு ஆகாது. "கம்பெனிக்கே அனுப்பிடுங்க" என்றேன்.

"அதுக்குள்ள ஆபரேஷன் முடிஞ்சிடுமே" என்றாள் மனைவி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அலாரக் கடிகாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடியட்டும். அவர் எழுந்து உட்காரவே ஆறு வாரம் ஆகும். அப்ப போனா நிம்மதியா பேசலாம்."

"சரி" என்றாள்.

மெக்கானிக் படிவத்தை எடுத்தார். "கடைசியா எப்ப பேட்டரி மாத்தினீங்க?"

"பதிமூணு வருஷம் இருக்கும்."

அவர் பின்மூடியைத் திருப்பி விளக்குக்கு நேராகப் பிடித்தார். "இல்லையே சார். வாட்ச் ரிப்பேர் பண்றவங்க எல்லாருமே திறக்கும்போது மூடிக்கு உள்பக்கம் ஊசியால தேதி கீறி வைப்போம். பதிமூணு வருஷம் முன்னாடி ஒண்ணு இருக்கு. அதுக்கப்புறமும் மூணு இருக்கே. பத்து வருஷம், ஏழு வருஷம், நாலு வருஷம் முன்னாடி."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அலமாரியில் பூட்டி வைத்த பொருளை எவன் எடுத்தான்?

"நான்தான் கொடுத்தேன்" என்றாள் மனைவி.

"யாரைக் கேட்டு?"

"கேட்டா விட்டிருப்பீங்களா? என்னைக்காவது கோபம் தீர்ந்து, அதை எடுத்துக் கட்டிக்கிட்டு உங்க அண்ணனைப் பார்க்கக் கிளம்புவீங்க. அன்னைக்கு அது நின்னு கிடக்கக் கூடாது, அதைச் சாக்கா வச்சு நீங்க உட்கார்ந்துடுவீங்கன்னுதான்."

மெக்கானிக்குக் கடிகாரம்தான் கவலை. "நாலு வருஷத்துக்கு முன்னாடி மாத்தினதோட ஏன்மா நிறுத்தினீங்க? இன்னொரு தடவை மாத்தியிருந்தா கசிஞ்சிருக்காதே."

"போக மாட்டார்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள்.

குரலில் குத்தல் இல்லை. கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். சண்டை போட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். நாலு வருடமாக ஒருத்தி என்னைத் தலைமுழுகிவிட்டு எனக்கே காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மூடிக் கொடுங்க" என்றேன்.

"துடைக்கவும் வேணாமா சார்? அப்படியே விட்டா ஒரேயடியா போயிடும்."

"அப்புறம் பார்க்கலாம். இப்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

மனைவி உடனே எழவில்லை. நான் வார் மாட்டி முடிக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பையை எடுத்துத் தோளில் போட்டாள்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தார். இளைத்திருந்தார். வா என்று சொல்லவில்லை, என் மணிக்கட்டைத்தான் முதலில் பார்த்தார்.

"இன்னுமா இதை வச்சிருக்க?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெருமை மொத்தமும் எனக்கு. நாக்கு நுனி வரை வந்தது.

"நான் வைக்கலண்ணா. இவதான் எனக்குத் தெரியாம பேட்டரி மாத்தி மாத்தி ஓட வச்சிருக்கா. நாலு வருஷத்துக்கு முன்னாடி அவளும் விட்டுட்டா."

அண்ணன் அவளைப் பார்த்தார். "நாலு வருஷம் முன்னாடி வரைக்குமா நம்பிக்கிட்டு இருந்த?"

அவள் தலையசைத்தாள்.

"நான் ரெண்டாம் வருஷமே விட்டுட்டேம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை. அண்ணன் மெதுவாகக் காலை ஒதுக்கிக் கட்டிலில் எனக்கு இடம் விட்டார்.