வெறும் தண்ணீரில்

பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் பேச்சும் போனபின் அண்ணனிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு சொல். “சரி.”

பசித்தாலும் அதையே சொன்னார், பசியில்லை என்றாலும் அதையே சொன்னார். தலையணையைத் தூக்கி எறியும்போதும் “சரி” என்று கத்தித்தான் எறிந்தார். “எவ்வளவு தங்கமான மனுஷன், எதுக்கும் மறுப்பே சொல்றதில்லை” என்று ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி தங்கையிடம் மெச்சிக்கொண்டாள். பேச்சு இருந்த காலத்தில் அவர் எதற்குமே லேசில் சரி சொன்னவரில்லை என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும்?

அவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து ஆட்கள் கூச்சல் போட்டால், மேலே இருந்தபடி “கத்தாதீங்க, கத்தினா கம்பி பயந்துடாது” என்பார். மனைவி போனபின் தன் வீட்டில் தனியாகவே இருந்து பழகியவர். ஒரே மகன் வெளிநாட்டில். தங்கை ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். பிரேமின் காதைச் சூடுகாட்டி வளைத்து, மூக்கில் சரியாக உட்கார வைப்பது அவள் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முதல் மாடியில் இரண்டே அறை உள்ள வீடு.

மகன் விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அப்பா பிழைத்துவிடுவார், ஆனால் இனி தனியாக இருக்க முடியாது என்று டாக்டர் சொன்னதும், படுக்கையருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“அப்பா, அத்தை வீட்லதான் இனிமே நீங்க இருக்கணும். நம்ம வீட்டைச் சும்மா பூட்டி வச்சு என்ன பண்றது? வித்துடலாமா?”

“சரி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்கப்பா.”

“சரி, சரி!”

மகன் பெருமூச்சு விட்டான். அப்பாவின் இடதுகைக் கட்டைவிரலை மையில் தொட்டுத் தாள்களில் வைத்தான். கட்டிலின் கால்மாட்டில் தங்கை நின்றிருந்தாள். சற்றுமுன் நர்ஸ் ஊசியைப் பிடுங்கியபோது வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு அவர் அதே சொல்லைச் சொன்னதை அவள் பார்த்திருந்தாள். சொல்ல வாயெடுத்தாள். பையன் திரும்பிப் போக வேண்டும். வைத்தியம் இழுத்துக்கொண்டே போகும். இவரைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டாள். அவர் இனி வாய் திறந்து கேட்கப்போவதில்லை என்றான பிறகு, வீடு கைமாறியதை அவரிடம் சொல்லாமலிருப்பது நாளுக்கு நாள் சுலபமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து கைகால் பயிற்சி கொடுத்துவிட்டுப் போகும் பெண்தான் ஒருநாள் சொன்னாள்: “இடது கைக்கு ஏதாவது வேலை குடுங்கம்மா. சும்மா மடியில வச்சிருந்தா அதுவும் மரத்துப்போயிடும்.”

“எழுதச் சொன்னா எரிஞ்சு விழறார். எழுத்தே பிடிபடலை போலிருக்கு.”

“அப்ப பிரஷ் குடுத்துப் பாருங்க. கலர் அடிக்கட்டும்.”

கடையிலிருந்து திரும்பும் வழியில் நூலகத்தில் ஏறினாள். ‘நீர்வண்ணம்: நீங்களே கற்கலாம்’ என்று ஒரு புத்தகம் கிடைத்தது. முன்பு இரவல் வாங்கிய யாரோ அதன் அட்டையில் தேநீர்க் குவளையை வைத்து வட்டம் போட்டிருந்தார்கள். தாள், ஒரு சிறிய வண்ணப்பெட்டி, தடித்தது ஒன்றும் மெல்லியது ஒன்றுமாக இரண்டு தூரிகை எல்லாம் வாங்கி வந்து, அண்ணன் முன்னால் மேசையைத் தள்ளி வைத்தாள். புத்தகத்தைப் பார்த்து முதல் பாடத்தைச் சத்தமாகப் படித்தாள்: “‘பலகையைச் சற்றே சாய்த்து வையுங்கள். பயப்படாதீர்கள். நீரே உங்கள் நண்பன்.’ கேட்டீங்களா அண்ணா, நண்பனாம்.”

தூரிகையை அவர் விரலிடுக்கில் செருகினாள். “சரி!” என்று அறை அதிரக் கத்தி அதை வீசினார் அண்ணன். அது சுவரில் பட்டு அலமாரிக்கு அடியில் உருண்டுபோனது.

வாங்கிய பொருளை வீணாக்குவானேன் என்றுதான் அவள் முதலில் உட்கார்ந்தாள். தாளின் மேல்விளிம்பில் நீலத்தைத் தொட்டுக் கோடாக இழுத்து, அடியில் தேங்கும் சொட்டை அடுத்த கோட்டில் சேர்த்து, அப்படியே கீழே இறங்க வேண்டும். எழுத்தில் இருந்தபோது லட்டு மாதிரி இருந்தது. தாளிலோ வரிவரியாக, நனைந்த சுவர்போல வந்தது. அடுத்த தாளிலும் அப்படியே. அதற்கடுத்ததில் பொறுமை போய் ஈரத்தின்மேல் மறுபடி தேய்த்தாள், தாள் நார் நாராக உரிந்தது. ‘காயும்வரை தொடாதீர்கள்’ என்று புத்தகம் அடுத்த பக்கத்தில் சொன்னது. இதை முந்தின பக்கத்தில் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நூலகத்திலிருந்து இன்னொரு புத்தகமும் வந்தது. இரண்டுக்கும் ஏழாம் பொருத்தம். முதலாவது, கறுப்பை வாங்கவே வாங்காதே என்றது; இரண்டாவது, கறுப்பில்லாமல் நிழல் ஏது என்று கேட்டது. முதலாவது கொஞ்சிப் பேசும். இரண்டாவது வாத்தியார் மாதிரி, ‘மீண்டும் செய்’ என்று பாடத்துக்குப் பாடம் முடிக்கும். அவள் இரண்டையும் மடியிலும் மேசையிலுமாக விரித்து வைத்துக்கொண்டு, சம்பந்திச் சண்டைக்கு நடுவில் மாட்டியவள்போல மாறிமாறிப் பார்த்து வரைந்தாள். வெள்ளை வண்ணம் என்று எதுவும் கிடையாது, வெள்ளை வேண்டிய இடத்தில் தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும் என்பதில் மட்டும் இரண்டும் ஒத்துப்போயின.

சாயங்காலத்தில் அந்த ஒரு மணி நேரத்துக்கு யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அது அவளுக்குப் பிடித்துப்போனது. கடையில் ஒருவர் மூக்கில் கண்ணாடியை வைத்துப் பார்க்கும்போதுகூட, இந்தக் கன்னத்து நிழலுக்கு எந்த நிறம் கலப்பது என்று யோசித்தாள். அண்ணனைக் குளிப்பாட்டி, துடைத்து, ஊட்டி முடிக்கும்வரை மனசு தாளிலேயே இருக்கும். அப்படி இருப்பது தப்போ என்று ஒரு குத்தலும் கூடவே இருக்கும்.

அண்ணன் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் தானாகவே இடது கையை நீட்டினார். அவள் தடித்த தூரிகையைக் கொடுத்து, புதுத் தாளை வைத்து, பெட்டியை நகர்த்தினாள். அவர் வண்ணத்தைத் தொடவில்லை. தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் முக்கித் தாளில் மெல்ல இழுத்தார். மறுபடி முக்கினார். வெகுநேரம் இழுத்தபின் தூரிகையை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“சரி?”

“ரொம்ப நல்லா இருக்குண்ணா,” என்றாள், பளபளவென்று ஈரமாயிருந்த தாளைப் பார்த்து. அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் தாள் காய்ந்து வெறுமையாகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அதே கதைதான். கலரைத் தொட்டுக்க, இந்தா சிவப்பு, இந்தா பச்சை என்று எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. போனில் அண்ணன் மகனிடம் சொன்னாள்: “வெறும் தண்ணியைத்தான்டா தடவறார். கை அசையுதே, அதுவரைக்கும் போதும்.”

ஒருநாள் சாயங்காலம் அவள் பாடம் ஈரத்தின்மேல் ஈரம். நனைந்த தாளில் வண்ணத்தைத் தொட்டால் அது தானாகப் பரவ வேண்டும். அண்ணன் அப்போதுதான் தூரிகையை வைத்திருந்தார். நல்ல தாள், ஏற்கனவே நனைந்தும் இருக்கிறது, வீணாகப் போவானேன் என்று அதையே தன் பக்கம் இழுத்து, நீலத்தை ஊறவைத்த தூரிகையை ஓரத்தில் தொட்டாள்.

நீலம் பரவவில்லை. அவர் தூரிகை இழுத்த ஈரத்தடத்தில் மட்டும் கோடாக ஓடியது. ஓடி, ஓரிடத்தில் நேராகத் திரும்பியது. அங்கிருந்து மேலே ஏறியது.

அவள் இன்னோர் இடத்தில் தொட்டாள். சரிவாக ஒரு கூரை இறங்கியது. கீழே தொட்டாள். படிகள் வந்தன, கோணல்மாணலாக, ஆனால் படிகள்தான். வாசல். வாசலுக்கு மேலே ஒரு வளையம் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு மூடியது.

ஊரில் எல்லாரும் சிரித்த சன்னல் அது. பழைய லிஃப்ட் சக்கரம் ஒன்றைச் சட்டமாக வைத்து, சுவரைத் தானே உடைத்து அண்ணன் பதித்த வட்டச் சன்னல். அந்த மாதிரிச் சன்னல் வேறெந்த வீட்டிலும் கிடையாது.

“உங்க வீடு,” என்றாள்.

“சரி! சரி! சரி!” அண்ணன் இடது கையால் தொடையை அடித்துக்கொண்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. வாசற்கதவைக் காட்டினார். தாளைக் காட்டினார். மறுபடி கதவைக் காட்டினார். இத்தனை நாளும் அவர் கேட்டது அதைத்தான். இத்தனை நாளும் அவள் நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கிறாள்.

“பேசலாம்ணா, நாளைக்குப் பேசலாம்,” என்று சமையலறைக்குப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். பிறகு அண்ணன் மகனுக்குப் போன் போட்டாள்.

“வீடு வித்ததை அவர்கிட்ட சொல்லப்போறேன்.”

“இப்பச் சொன்னா தாங்குவாரா அத்தை?”

“சொல்லாம இருந்தா நான் தாங்க மாட்டேன்.”

“அப்பாதானே சரின்னு சொன்னார்? நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?”

“உங்கப்பா பிரஷ்ஷைச் சுவத்துல வீசும்போதும் அதையேதான்டா சொன்னார்.”

“அன்னிக்கே நீங்க சொல்லியிருக்கலாமே,” என்றான்.

“சொல்லியிருக்கலாம்,” என்றாள்.

மறுநாள் காலையில் அண்ணனுக்கு முகம் துடைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்து, சுற்றிவளைக்காமல் சொன்னாள். விற்றாயிற்று. வேறு குடும்பம் இருக்கிறது. உங்கள் விரல் ரேகையைத்தான் வாங்கினோம். நானும் கூட நின்றேன். அண்ணன் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார், எதையாவது எடுத்து அடிப்பார் என்று எதிர்பார்த்தாள். அடித்திருந்தால் தேவலை என்றிருந்தது. அவர் மெல்லத் தலையைத் திருப்பி மறுபடி கதவையே காட்டினார்.

விடுமுறை நாளில் ஒரு வேன் பிடித்தாள். கீழ்வீட்டுக்காரரும் டிரைவரும் நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். வழியெல்லாம் அண்ணன் தெருக்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். திருப்பங்கள் வருமுன்பே அவர் முகம் அந்தப் பக்கம் திரும்பியது.

வீட்டுக்கு வேறு நிறம் அடித்திருந்தார்கள். முன்பக்கச் சுவரில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுக் கடைக்கு ஷட்டர் போட்டுக்கொண்டிருந்தார்கள். வட்டச் சன்னல் இருந்த இடத்தில் ஈரம் காயாத சிமெண்டுப் பூச்சு. சக்கரம் மணல் குவியல்மேல் கிடந்தது. வேன் நின்றதைப் பார்த்து ஒரு பெண் வெளியே வந்தாள். நல்ல முகம்.

“யாரைப் பார்க்கணும்?”

“சும்மா... முன்னாடி இங்க இருந்தவங்க,” என்றாள் தங்கை. கண் பூச்சைவிட்டு நகரவில்லை.

“அதைப் பார்க்கிறீங்களா? மழை வந்தா சாரல் அப்படியே படியில கொட்டுது. அடைச்சாச்சு. யாரு கட்டின வீடோ, விவரம் தெரியாத ஆளு.”

தங்கை வேன் பக்கம் திரும்பினாள். அந்தப் பெண் வேனுக்குள் எட்டிப் பார்த்தாள். அவர் கண் இருந்த நிலையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

“ஐயோ... ஐயா, மன்னிச்சுக்கோங்க. வாயில வந்ததைச் சொல்லிட்டேன். உள்ள வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க. அந்தச் சக்கரம் வேணும்னா எடுத்துக்கோங்க.”

அண்ணன் நேரே முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இடது கையால் டிரைவர் இருக்கையின் முதுகைத் தட்டினார். போ என்று அர்த்தம். டிரைவருக்கே விளங்கியது.

அதன்பின் அவர் தூரிகையைத் தொடவில்லை. கையில் வைத்தால் வைத்திருப்பார். அது நழுவி விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அந்த ஒரு சொல்லும் குறைந்து, பிறகு நின்றேபோனது. “மனசு விட்டுட்டார்மா, நான் கையைப் பிடிச்சு இழுத்து என்ன பண்ண?” என்றாள் பயிற்சிப் பெண். மகன் வந்து இரண்டு நாள் இருந்தான். அப்பாவின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்புவித்து விம்மினான். அண்ணன் இடது கையைத் தூக்கி அவன் முகத்தை ஒருமுறை துடைத்தார், எச்சிலைத் துடைப்பதுபோல. மன்னித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு மகன் விமானம் ஏறினான். தங்கைக்கு அப்படித் தோன்றவில்லை. அதை அவனிடம் சொல்லவுமில்லை.

நாற்காலியைத் தெருப்பக்கம் வைத்தால் அண்ணன் உடம்பை முறுக்கிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். சுவர்ப்பக்கமாகவே வைத்துவிட்டாள். சாயங்காலங்களில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பாடத்தைத் தொடர்ந்தாள். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

மழைமேகம் கட்டிய வானம் என்று இரண்டாம் புத்தகத்தில் ஒரு பாடம் இருந்தது. முயன்று முயன்று அவள் கைவிட்ட பாடம். அன்று தாளை நனைத்து, ஈரம் எந்தப் பதத்தில் இருக்கிறது என்று பலகையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்து, நீலத்தில் துளி பழுப்பைக் கலந்து தொட்டாள். மேகம் விளிம்பு கரைந்து தானாக எழுந்தது. நடுவில் தொடாமல் விட்ட வெள்ளை, மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கிற மாதிரியே நின்றது. அவளுக்குக் கை வந்துவிட்டது. இந்த வீட்டில் இப்போது யாருக்கும் வேண்டாத நேரத்தில்.

“அண்ணா, இங்க பாருங்களேன்!”

பலகையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நாற்காலியைச் சுற்றிப் போய் அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் இமைகள் ஒருமுறை அசைந்தன. படத்தைப் பார்த்தாரா, படத்துக்குப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. ஏதாவது சொல்வாரோ என்று அவள் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். தாள் இன்னும் காயவில்லை என்பது மணிக்கட்டு நனைந்தபோதுதான் உறைத்தது. மேகமெல்லாம் இறங்கி அடிவிளிம்பில் கூடிச் சொட்டிக்கொண்டிருந்தது. பலகையைத் தரையில் கிடத்திவிட்டு, அண்ணன் முழங்கால்மேல் விழுந்திருந்த நீலத்தைத் தன் முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.