மச்சானை அடிக்காத ஆட்டம்

மூன்று கதவு அலமாரி படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டிக்கொண்டு நின்றபோதுதான் மாப்பிள்ளையின் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. யார் எடுப்பது? கீழ்ப்பக்கம் பிடித்திருந்தவன் அவன். மேல்பக்கம் மச்சான். மேலே இருப்பவன் கை நழுவினால் அலமாரி நேராகக் கீழே இருப்பவன் நெஞ்சில் வந்து இறங்கும். இத்தனை வருஷத்தில் அப்படி இறங்கியதில்லை. அவர்களுக்குள் வார்த்தைகூடத் தேவைப்படாது. மச்சான் ஒரு 'ம்' சொன்னால் தூக்கு. இவன் ஒரு 'ம்' சொன்னால் திருப்பு. அவ்வளவுதான் பேச்சு.

மாப்பிள்ளை என்பது அவன் பெயரல்ல. மச்சானின் தங்கையைக் கட்டியதால் மச்சான் அப்படிக் கூப்பிட, வீடு மாற்றித் தரும் அந்த லாரியில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளையாகிவிட்டான். தலை வழுக்கையாகி, மகள் வேலைக்கு மனுப் போடத் தொடங்கிய பிறகும் மாப்பிள்ளைதான்.

அலமாரியை லாரியில் ஏற்றிவிட்டுப் போனைப் பார்த்தான். லாரிக்குள் நால்வர் போனிலும் சீட்டாட்ட ஆப்பிலிருந்து அதே செய்தி.

'உங்கள் மேசையில் இரண்டு ஆட்டக்காரர்கள் கூட்டுச் சேர்ந்து ஆடுவதாகத் தெரிகிறது. இது மற்றவர்களை ஏமாற்றுவதாகும்.'

வேலை முடிந்து அவரவர் வீட்டுக்குப் போனபின் நால்வரும் போனில் போக்கர் ஆடுவார்கள். தனி மேசை, வெளியாள் கிடையாது. காசும் கிடையாது. ஆனால் பந்தயம் கட்டும் சிப்ஸ் முதலில் தீர்ந்து வெளியேறுகிறவர் மறுநாள் காலி செய்த வீட்டைக் கூட்டித் தர வேண்டும். அது சின்ன வேலையல்ல. ஃபிரிட்ஜ் நின்ற இடத்தில் பிசுக்கு, கட்டில் நின்ற இடத்தில் கத்தை கத்தையாய் முடி, எங்கும் தெர்மாகோல் பொடி. கூட்டக் கூட்டப் பறக்கும். உடம்பெல்லாம் ஓய்ந்த நேரத்தில் குனிந்து கூட்டச் சொன்னால் அழுகை வரும்.

சில மாதங்களாகக் கூட்டுவது பெரும்பாலும் பேக்கிங் அக்காதான். கண்ணாடிச் சாமான்களைச் சுற்றிக் கட்டுவது அவள் வேலை. பல்லாலேயே டேப்பைக் கிழிப்பாள்.

இப்போதும் கிழித்த டேப் உதட்டில் ஒட்டியிருக்க, செய்தியைப் படித்து முடித்து நிமிர்ந்தாள். "அதான பாத்தேன்! எனக்கு மட்டும் ஏன் ராசியே இல்லன்னு."

"என்னக்கா, என்னைப் பாத்துச் சொல்றீங்க?" என்றான் மாப்பிள்ளை.

"பின்ன யாரைப் பாக்க? மாமனும் மச்சானும் நீங்கதான்."

டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி சொன்னார்: "நான் இல்லப்பா. எனக்கு ஆடவே தெரியாது, கூட்டு வேற எங்க சேர?"

மாப்பிள்ளைக்குச் சுர்ரென்று ஏறியது. சோபா இடுக்கில் கிடந்த கம்மலைத் திருப்பிக் கொடுக்க, வண்டியை விட்டு இறங்கித் தெருமுனை வரை ஓடியவன் அவன். அடுத்தவர் வீட்டு ஆணியைக்கூடத் தொட்டதில்லை. "அக்கா, சத்தியமா சொல்றேன். ஆட்ட நேரத்துல நானும் மச்சானும் ஒரு வார்த்த பேசிக்கிட்டது கிடையாது."

"ஆமாக்கா," என்றான் மச்சான். "பகல் பூரா இவன் மூஞ்சியப் பாத்தது போதாதா? வீட்டுக்குப் போயும் பேசணுமா?"

அக்கா சிரிக்கவில்லை. உதட்டு டேப்பை எடுத்து ஒரு பெட்டியில் ஒட்டி அறைந்தாள். "எனக்கு உண்ம தெரியணும். இல்லன்னா ஆபீஸ்ல சொல்லி வேற லாரிக்குப் போயிடுறேன். கூட்டுறதுக்கு நான் அஞ்சல. என்னை முட்டாளாக்கிட்டுக் கூட வச்சுச் சிரிக்கிறீங்க பாருங்க, அதுதான் ஆகல."

அன்று முழுக்க அவள் அவர்களோடு பேசவில்லை. பீங்கான் பெட்டியைக் கொடுக்கும்போதுகூட "பாத்து" என்று சொல்லவில்லை. மாப்பிள்ளைக்கு அதுதான் உறுத்தியது. அந்தப் 'பாத்து' இல்லாமல் பெட்டியைத் தூக்கவே கை கூசியது.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் குமுறினான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பழைய ஆட்டத்த மறுபடி ஓட்டிப் பாக்கலாமே, அதுல எல்லார் சீட்டும் தெரியுமே" என்றாள். தெரியும்தான். ஆனால் தோற்ற ஆட்டத்தை எவன் திரும்பப் பார்ப்பான்? ஜெயித்ததைப் பார்க்கத் தேவையே இல்லை.

"பாரு, நல்லா பாரு. உன் புருஷன் யோக்கியன்னு நீயே சொல்லுவ," என்று போனைச் சாய்த்து நிறுத்தினான்.

ஓட்டினார்கள். அக்கா கையில் ராணி ஜோடி. நல்ல சீட்டு. பந்தயம் கட்டுகிறாள். மச்சான் அதை ஏற்றுகிறான், கையில் வெறும் இரண்டு ஏழு. மாப்பிள்ளை அதற்கு மேலும் ஏற்றுகிறான், கையில் இரண்டு ஒன்பது. இரண்டு பக்கமும் நெருக்க, அக்கா பயந்து சீட்டைப் போட்டுவிட்டு விலகுகிறாள். அவள் போனதுதான் தாமதம், மாப்பிள்ளையும் மச்சானும் பந்தயமே கட்டாமல் கடைசிச் சீட்டு வரை சும்மா போகிறார்கள்.

"ஏங்க, அவங்க இருக்கிறவரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் குதி குதிச்சீங்க. அவங்க போனதும் ஏன் கையக் கட்டிக்கிட்டீங்க?"

"அப்புறம் மச்சான் மட்டும்தான இருந்தான்."

"இருந்தா?"

"மச்சானை எதுக்கு அடிக்கணும்?"

சொல்லி முடித்ததும் அவனுக்கே காதில் விழுந்தது. அடுத்த ஆட்டம், அதற்கடுத்த ஆட்டம் என்று ஓட்டிப் பார்த்தான். டிரைவரையும் அப்படித்தான் நசுக்கியிருந்தார்கள். ஒன்றில்கூட மச்சானை அவனோ, அவனை மச்சானோ தொடவில்லை. பேசி வைத்துச் செய்ததில்லை. உடம்பு செய்திருக்கிறது. மேலே மச்சான் இருக்கிறான் என்றால் பாரத்தை அவன்மேல் தள்ளக்கூடாது என்று பழகிய உடம்பு. கட்டைவிரல் வரைக்கும் அந்தப் பழக்கம் இறங்கியிருக்கிறது.

"எங்கண்ணன்மேல இம்புட்டுப் பாசமா உங்களுக்கு?" என்றாள் மனைவி. "பாவம், அந்த அக்கா முதுகுலல்ல அதைக் காட்டியிருக்கீங்க."

மறுநாள் காலை லாரி கிளம்புமுன் அவன் அக்கா முன்னால் போய் நின்றான். "அக்கா, போன் சொன்னது சரி. நாங்க ஏமாத்தியிருக்கோம். வேணும்னு இல்ல. ஆனா ஏமாத்தியிருக்கோம்."

"டேய் மாப்ள!" என்று கத்தினான் மச்சான். "யாரைக் கேட்டுடா ஒத்துக்கிட்ட?"

"நீ ஏன் என்னை ஒரு தடவகூட அடிக்கல? சொல்லு."

மச்சான் தலையைச் சொறிந்தான். "நீ தோத்துட்டு வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சிருப்ப. தங்கச்சி எனக்குத்தான போன் பண்ணும்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவின் உதடும் கொஞ்சம் துடித்தது, அடக்கிக்கொண்டாள். "இன்னைக்கு என் கண்ணு முன்னாடி ஒரு ஆட்டம். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் அடிக்கணும். தோக்கிறவங்க இன்னைக்கே கூட்டணும். அப்பதான் நான் இந்த லாரி."

அன்றைய வீட்டில் எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. வாஷிங் மெஷின் மட்டும் பாக்கி. குழாயைக் கழற்றப் பிளம்பர் வந்துகொண்டிருந்தார், வந்துகொண்டே இருந்தார். அந்த இடைவெளியில் லாரிக்குள் ஏறினார்கள். யாரும் யார் போனையும் எட்டிப் பார்க்காதபடி நால்வரும் நான்கு மூலையில் முதுகைக் காட்டி, திருப்பி வைத்த மெத்தையையும் அலமாரியையும் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். அந்த வழியாகப் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, ஏதோ தண்டனை என்று நினைத்து நகர்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளைக்கு இரண்டு ஏஸ் வந்தது. பந்தயம் கட்டினான். டிரைவர் சீட்டைப் போட்டுவிட்டு விலகினார். அக்காவும் விலகினாள். மச்சான் மட்டும் ஆட்டத்தில் நின்றான்.

நடுவில் மூன்று சீட்டு விழுந்தது. மச்சான் பந்தயம் கட்டாமல் சும்மா விட்டான். வழக்கம்போல. முதுகுக்குப் பின்னால் அவன் தொண்டையைச் செருமுவது கேட்டது. பாரமான பொருளோடு படி திரும்பும்போது வரும் அதே செருமல்.

மாப்பிள்ளையின் கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது. இத்தனைக்கும் வெறும் சிப்ஸ். ஆனால் அலமாரியைப் பாதிப் படியில் கைவிடச் சொன்ன மாதிரி இருந்தது.

மொத்தத்தையும் வைத்தான்.

"மாப்ள, நெசமாவா?"

"பேசக்கூடாது!" என்று அதட்டினாள் அக்கா.

"வர்றேன்டா, வர்றேன். நானும் மொத்தமும்," என்று மச்சான் அழுத்தினான். அவனிடம் ராஜா ஜோடி. மீதி இரண்டு சீட்டும் விழுந்தன, யாருக்கும் உதவவில்லை. இரண்டு ஏஸ் அப்படியே ஜெயித்தது. மச்சானின் சிப்ஸ் வழித்துத் துடைத்தாற்போலப் போனது.

மாப்பிள்ளை திரும்பிப் பார்க்கப் பயந்து, எதிரே இருந்த மெத்தையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடப்பாவி," என்றான் மச்சான் கடைசியில். "இந்த அடி அடிக்கத் தெரிஞ்சவனுக்கா தங்கச்சியக் கட்டிக் குடுத்தேன்?"

பிறகு சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். லாரியே ஆடியது.

அக்கா காலி வீட்டின் நடுவே ஒரு பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டாள். "அந்த மூல விட்டுப்போச்சு தம்பி. ஜன்னலுக்குக் கீழ. பாத்து, பாத்து, எம் மேல தூசி வருது."

மச்சான் குனிந்து கூட்டினான். குனிவதற்கு அவன் தொப்பை இடம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை பார்த்தான். அவன் கை தானாகக் குப்பை அள்ளும் முறத்தை நோக்கிப் போனது.

"வைங்க அத," என்றாள் அக்கா. "அதுவும் கள்ளாட்டம்தான்."

கையை இழுத்துக்கொண்டான். சும்மா நிற்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று அவனுக்கு அதுவரை தெரியாது. மச்சான் வேண்டுமென்றே அவன் காலடியில் தெர்மாகோல் பொடியைத் தள்ளிவிட்டுப் போனான்.

ஒருவழியாகப் பிளம்பர் வந்தார். மெஷினைத் தூக்கினார்கள். கீழ்ப்பக்கம் மாப்பிள்ளை, மேல்பக்கம் மச்சான். திருப்பத்தில் பாரம் முழுக்க நெஞ்சை நோக்கி வந்தபோது மேலிருந்து குரல் கேட்டது.

"விட்டுடவா மாப்ள?"

"விடு பாப்போம்."

மேலே வாசலில் நின்று அக்கா கத்தினாள்: "பாத்து!"

"ம்," என்றான் மச்சான்.

"ம்," என்று திருப்பினான் மாப்பிள்ளை.