மூட்டிய கை

விடிவதற்குள் களிமண்ணில் இறங்கியாயிற்று. மிதிக்க மிதிக்க மண் கணுக்காலைக் கவ்வி இழுத்தது. குளிர் முழங்கால் வரை ஏறியது. வழக்கமாகக் கேலியும் சிரிப்புமாக மிதிக்கிற பெண்கள் இன்று குனிந்த தலையோடு மிதித்தார்கள். மேஸ்திரி பானுமதியின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

தீர்த்தமலைச் சாலையில் மாதவராஜ் நடத்தும் மண்குதிரைக் கிராமம் அது. சுற்றுலா வருகிறவர்கள் டிக்கெட் எடுத்து, கோயில் குதிரை செய்வதைப் பார்த்து, போட்டோ எடுத்துப் போவார்கள். 'கலையை வாழவைக்கிறோம்' என்று வாசலில் போர்டு. கலை நன்றாகத்தான் வாழ்ந்தது.

சூளையை மூட்டிய கைதான் பிரிக்க வேண்டும். அந்தத் தீயின் போக்கு மூட்டியவருக்குத்தான் தெரியும் என்பது அவர்கள் வழக்கம். போன வாரம் மூட்டியவள் தீர்த்தம்மாள். பெங்களூரு பஸ் சீக்கிரமே வந்துவிட்டது. விருந்தாளிகள் கண்ணெதிரே பிரித்தாக வேண்டும் என்றார் மாதவராஜ்.

"இன்னும் ஆறலக்கா."

"பஸ் நிக்குது தீர்த்தம்மா. மேலாப்புல பிரி, ஒண்ணும் ஆவாது."

சொன்னவள் பானுமதி. மேலே மூடியிருந்த ஓடுகளை விலக்கியதும் அனல் சீறி தீர்த்தம்மாளின் இரண்டு கைகளையும் வேகவைத்தது.

நேற்று ஆஸ்பத்திரியில் பானுமதிதான் அவளுக்குச் சோறு ஊட்டினாள். "உன்மேல வருத்தமில்லக்கா" என்றாள் தீர்த்தம்மாள். அவள் வாய்நிறையத் திட்டியிருந்தால் தேவலை. பானுமதி இரவெல்லாம் தூங்கவில்லை.

மாதவராஜ் காரை நிறுத்திவிட்டு வந்தார். "பானுமதி, ஞாயித்துக்கிழமை பெரிய குரூப் வருது. இன்னிக்கே சூளையை மூட்டு. அப்புறம், யாராவது கேட்டா தீர்த்தம்மா தானா அவசரப்பட்டான்னு சொல்லிடு. வைத்தியச் செலவு நம்ம தலையில விழக்கூடாது."

"அவ அவசரப்படலீங்க. நான்தான் பிரிக்கச் சொன்னேன். என்னைச் சொல்ல வெச்சது நீங்க."

"அப்ப தப்பு உன்னோடதும்தானே?"

"என் தப்பு இல்லன்னு சொல்லலீங்களே. எங்க கூப்பிட்டுக் கேட்டாலும் ஒத்துக்குவேன். உங்களையும் சேத்துத்தான் சொல்லுவேன்."

"இத அன்னிக்கே பேசியிருந்தா அவ கை தப்பிச்சிருக்கும்" என்றாள் சேற்றில் நின்ற குள்ளம்மாள். பானுமதி தலைகுனிந்தாள்.

அடுக்கிவைத்த சூளையின் அருகே இன்னும் கொளுத்தாத பந்தம் கிடந்தது. பானுமதி அதை எடுத்தாள். குள்ளம்மாள் சேற்றிலிருந்து ஏறிவந்து அதே பந்தத்தைப் பிடித்தாள். பின்னாலேயே மற்றவர்கள் வந்தார்கள், விறகு பிளந்துகொண்டிருந்த தங்கராஜும் வந்தான். பந்தத்தின் காம்பெல்லாம் மண் கைகள்.

"என்ன கூத்து இது?"

"மூட்டின கைதானுங்க பிரிக்கணும்" என்றாள் குள்ளம்மாள். "இனிமே எல்லாருமா மூட்டுவோம். ஆறிடுச்சின்னு எல்லாரும் சொன்னாத்தான் பிரிப்போம். மொதல்ல தீர்த்தம்மா வைத்தியத்த ஏத்துக்கங்க. அதுவரைக்கும் இந்தச் சூளை எரியாது."

"அத்தனை பேரையும் வெளிய அனுப்பிட்டு வேற ஆளு கொண்டாருவேன்!" மாதவராஜ் போனை எடுத்துக்கொண்டு காருக்கு நடந்தார்.

எல்லோருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரும் கையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் நகந்து புடிங்க" என்றாள் பானுமதி. "தீர்த்தம்மா வந்து கை வெக்க எடம் வேணும்."