தண்ணீர் வரட்டும்

ஃபாதர் பிரசங்கத்தை முடித்து, சவப்பெட்டியின் மீது தீர்த்தம் தெளிக்கக் கையை உயர்த்திய நேரத்தில் ஜூடித்தின் மடியிலிருந்த கைப்பை அலறியது. சாதாரண மணியா அது? தீயணைப்பு வண்டியே கோயிலுக்குள் நுழைந்துவிட்டது போல ஓர் ஊளை. ஃப்ரீமான்ட்டில் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் பாதிப் பேர் அன்று அங்கேதான் இருந்தார்கள். அத்தனை தலையும் திரும்பியது.

டெக்சாஸிலிருந்து வந்திருந்த அண்ணன் அகிலன் குனிந்து, "ஆஃப் பண்ணும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்றார்.

அவளுக்கா அந்தச் சத்தம் தெரியாது? பெட்டிக்குள் படுத்திருந்த அவள் கணவர் தேவதாஸின் போன் அது. மலையடிவாரத்தில் சால்மன் மீன்குஞ்சு பொரிக்கும் ஹேச்சரியில் தண்ணீர் நின்றுவிட்டால் பட்டியலில் முதல் ஆளான அவரைத்தான் அது கூப்பிடும். பத்தொன்பது வருஷமாக அவரோடு சேர்த்து அவளையும் எழுப்பிக்கொண்டிருந்தது. மாரடைப்பில் ஆள் போய் மூன்று நாளாகிவிட்டது. பட்டியலில் அந்தப் பெயரை அழிக்க அங்கே யாருக்கும் மனசு வரவில்லை.

இரண்டாவது பெயர் கிரிஸ். அவனோ மரியாதைக்காகப் போனை அணைத்துவிட்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தான். ஹேச்சரி ஆட்கள் மற்ற ஐந்து பேரும் பக்கத்திலேயே. ஆறு பேரும்தான் பெட்டியைத் தூக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு நாளில் தேவதாஸ் கேட்டுக்கொண்டது அது ஒன்றுதான். அரை நாள்தானே என்று எல்லோரும் பூட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

ஜூடித் சத்தத்தை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தாள். நீர்வரத்து பூஜ்யம். நேற்றைய மழையில் இலைதழை அடித்து வந்து வாய்க்காலின் கம்பிவலையை அடைத்திருக்கும். உள்ளே அடுக்குத் தட்டுகளில் நாலு லட்சம் முட்டை. பத்து நாள் முன்பு தேவதாஸ் தன் கையால் ஆண்மீன் விந்தோடு கலந்து வைத்தவை. உள்ளே குஞ்சுக்கு இன்னும் கண்கூட உருவாகாத பருவம், தட்டை அசைத்தாலே செத்துவிடும். தூக்கிக்கொண்டு வேறெங்கும் ஓட முடியாது, தண்ணீர்தான் அவற்றைத் தேடி வர வேண்டும்.

குறுக்கே அணை கட்டிவிட்ட ஆறு அது. மேலே ஏறி முட்டையிட வழியில்லாத மீன்களுக்காக தேவதாஸ் குஞ்சு பொரித்து வளர்த்து ஆற்றில் விடுவார். மூன்று வருஷம் கடலைச் சுற்றிவிட்டு அதில் கொஞ்சம் திரும்பி வரும். வந்த அன்றைக்கு வீட்டு வாசலிலிருந்தே, "ஜூடி, பயலுவ வந்துட்டானுவ!" என்று கத்துவார். பெற்ற மகள் ரெபெக்கா லீவுக்கு வந்தபோதுகூட அத்தனை சத்தம் இருந்ததில்லை. தூத்துக்குடியில் வலை இழுத்த வீட்டுப் பிள்ளை மீனைத் தண்ணீரில் விடச் சம்பளம் வாங்குகிறது என்று அகிலன் கிண்டலடிக்காத வருஷமில்லை. ஜூடித்துக்கு மட்டும் உள்ளுக்குள் பெருமை. இப்படி ஒரு மனுஷன் வாய்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அவள் எழுந்து நின்றாள்.

"கிரிஸ், நோ வாட்டர்! கோ!"

கிரிஸ் பாதி எழுந்து பெட்டியைப் பார்த்தான். அவரைத் தூக்கி வைத்துவிட்டுப் போகிறோம், பத்து நிமிடம் போதும் என்று ஆங்கிலத்தில் கெஞ்சினான். அவன் கண் நிறைந்திருந்தது.

"நோ. டிரைவே ஃபார்ட்டி மினிட்ஸ். அவரா இருந்தா இந்நேரம் ஃப்ரீவேயில இருப்பார். ஆல் ஆஃப் யூ, கோ!" பதற்றத்தில் பாதி தமிழில் வந்ததை அவள் கவனிக்கவில்லை. ஆறு பேரும் பெட்டியின் முன் தலை குனிந்துவிட்டு, கோட்டும் டையுமாக வெளியே ஓடினார்கள்.

அகிலனுக்குப் பொறுக்கவில்லை. "என்ன ஜூடி இது? மாப்ளைய விட மீன்முட்டையா பெருசு? இப்ப யார் தூக்கறது?"

"நாம தூக்குவோம்ணா."

"பொம்பளைங்க தூக்கற வழக்கம் நம்மகிட்ட இல்லையேம்மா."

"அவர் கேட்ட ஒண்ணையே நான் கெடுத்துட்டேன். இதுக்கு மேல வழக்கம் என்னண்ணா வழக்கம்?"

முன்பக்கக் கைப்பிடியை அவளே பிடித்தாள். எதிர்ப்பக்கம் ரெபெக்கா வந்து நின்றாள். அகிலன் முணுமுணுத்துக்கொண்டே நடுவில் கை கொடுத்தார். பங்கு ஆட்கள் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். "ஹீ இஸ் ஸோ ஹெவி, மாம்" என்றாள் ரெபெக்கா. "மெதுவா வா" என்றாள் ஜூடித்.

கல்லறைத் தோட்டத்தில் ஃபாதர் புத்தகத்தைத் திறந்தபோது அவள் கை நீட்டித் தடுத்தாள்.

"தண்ணி வந்துச்சான்னு தெரியட்டும் ஃபாதர். அதுவரைக்கும் இறக்க வேணாம்."

கால் மணி ஆயிற்று, அரை மணி ஆயிற்று. குழி மூடும் இயந்திரத்தில் சாய்ந்திருந்த இருவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள். வேலைக்குத் திரும்ப வேண்டியவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். முட்டை செத்துவிட்டால் அவருடைய கடைசி ஆசையை வீணாகப் பறித்தவளாவாள். அந்தப் பயத்தில் அவளுக்கு அழுகைகூட வரவில்லை. அகிலன் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"எத்தனை முட்டைம்மா இருக்கு அங்க?"

"நாலு லட்சம்ணா."

அவர் அவளுடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டார்.

ஒரு மணி நேரம் கழித்து தேவதாஸின் போன் அடித்தது. கிரிஸுக்கு மூச்சு வாங்கியது. ஒன்றுகூடச் செத்து வெளுக்கவில்லை, எல்லாம் செம்மஞ்சளாகவே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனைத் தட்டுகளின் பக்கம் நீட்டினான். மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

ஜூடித் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு ஸ்பீக்கரைப் போட்டு, குனிந்து, போனைப் பெட்டியின் மூடிமேல் தலைமாட்டில் வைத்தாள். ஃபாதர் புத்தகத்தை மூடிக்கொண்டு காத்திருந்தார்.