தௌ கோபப்படக் கூடாது

கல்லூரிப் பிள்ளைகள் எங்கள் ஹோட்டலுக்கு 'அட்டாச்மெண்ட்' என்று வருவது வருஷா வருஷம் நடக்கிற கூத்து. கடைசிப் பருவம் முழுக்க எங்கள் அடுப்படியில் நின்று வேலை செய்ய வேண்டும். சம்பளம் கிடையாது. மதியச் சாப்பாடும் பஸ் காசும் கொடுப்பார்கள். முடிவில் செஃப் 'தேறினாள்' என்று கல்லூரிக்குச் சொன்னால் டிப்ளமா, இல்லாவிட்டால் எல்லாம் போச்சு. இதற்குப் பயிற்சி என்று பெயர். வெங்காயம் உரிக்கிற ஆளின் சம்பளத்தை மிச்சம் பிடிக்கிற வழி என்று நான் சொல்வேன், அது வெள்ளைக்கார மேனேஜர் டேரனுக்குப் பிடிக்காது. நான் பிரபா. அங்கே கறி அடுப்பும் ரொட்டிக் கல்லும் என்னுடையவை. என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் என் பக்கம் வர மாட்டார்கள்.

அந்த வருஷம் மிலா வந்தாள். முழுப் பெயர் உலாமிலா, கப்பலேறிப் போக வேண்டிய கடாவுத் தீவுக்காரி. வந்த அன்றே எரோனி அவளைப் பார்த்து எந்த ஊர் என்று கேட்டான். எரோனி எங்கள் துணை செஃப், பயிற்சிப் பிள்ளைகளெல்லாம் அவன் கையில்தான். அவள் ஊர்ப் பெயரைச் சொன்னதும் அகப்பையைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டு, "அடியே, நீ என் தௌடி" என்றான். அடுப்படியே கைதட்டியது.

அவள் ஊரும் அவன் ஊரும் தௌவு முறை, கூப்பிடும்போது தௌ. இரண்டு ஊருக்கும் ஆதியில் ஒரே குலசாமி என்பார்கள். அந்த உறவில் ஒருவரை ஒருவர் என்ன சொல்லி வேண்டுமானாலும் கிண்டல் பண்ணலாம். கையில் இருப்பதைக் கேட்காமலே பிடுங்கிக்கொள்ளலாம். கோபம் மட்டும் வரக் கூடாது. கோபப்பட்டவன் தோற்றவன், அவன் ஊருக்கே தலைகுனிவு. சாவு வீட்டில் இரண்டு கிழவர்கள் தௌ, தௌ என்று ஒருவர் சட்டையை ஒருவர் உருவிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அழ வந்த நானே சிரித்திருக்கிறேன். கரும்பு வெட்ட வந்த எங்கள் இந்தியர்களுக்கு இப்படி ஒரு உறவு இல்லையே என்று பொறாமைகூடப் பட்டதுண்டு.

ஆனால் அந்தக் கிழவர்களில் யாரும் மற்றவருக்கு மார்க் போடவில்லை.

எரோனி முதலில் அவள் சாப்பாட்டை எடுத்துக்கொண்டான். பிறகு அவளுடைய புதுக் கத்திகளை. பிறகு செருப்பை எடுத்து மீன் கழுவுகிற பையனுக்குக் கொடுத்துவிட்டான். அவள் அன்றைக்கு வெறுங்காலோடு பஸ் ஏறினாள். எதை எடுத்தாலும் "தௌ" என்று ஒரு சத்தம், உடனே அடுப்படி முழுக்கச் சிரிப்பு. அவளும் சிரிக்க வேண்டும், சிரித்தாள். ஒருநாள் கொதிக்கிற எண்ணெய்ச் சட்டி முன்னால் கையுறை இல்லாமல் நிற்க வைத்தான். எண்ணெய் தெறித்து மணிக்கட்டு கொப்பளித்துவிட்டது. "தௌவை லேசாப் பொரிச்சிருக்கோம், யாருக்கு உப்பு வேணும்?" என்றான் பாவி. கண்ணில் தண்ணீர் கொட்ட அதற்கும் அந்தப் பெண் சிரித்தாள். நான்தான் இழுத்துப் போய்த் தண்ணீர்க் குழாயடியில் நிறுத்தினேன்.

கல்லூரி வாத்தியாரிடம் நீ போய்ச் சொல்லேன் என்றேன்.

"என்னன்னு சொல்றது ஆன்ட்டி? தௌ கேலி பண்றாருன்னா? ஊர்ல கேட்டா எங்கப்பாவைப் பாத்துதான் சிரிப்பாங்க" என்றாள். படிப்புக்கு அரசாங்கக் கடன் ஒரு தடவைதான் கொடுப்பார்களாம். தேறாவிட்டால் டிப்ளமாவும் கிடையாது, வேலையும் கிடையாது, கடாவுக்குத் திரும்பிப் போய், வேரை இடித்துக் கரைத்துக் குடிப்பார்களே, அந்த யங்கோனாத் தோட்டத்தில் களை பிடுங்க வேண்டியதுதான். பருவம் முடிகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுகிறேன் என்றாள்.

கை மட்டும் தங்கமான கை. எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீனுக்குத் தேங்காய்ப் பால் ஊற்றுவது இங்கே எல்லோரும் செய்வதுதான். இவள் நெருப்பில் கிடந்த கூழாங்கல்லை அந்தப் பாலுக்குள் போட்டாள். சுர்ரென்று புகை கிளம்பிப் பாலுக்கு ஒரு கருகல் வாசனை வந்தது. ஒரு வாய் வைத்துப் பார்த்தேன். பெரிய சமையல்காரி என்று இத்தனை வருஷம் திரிந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஹோட்டல் முதலாளிகள் பிரிஸ்பேனிலிருந்து சாப்பிட வந்த அன்று எரோனி அவளை அதைச் செய்யச் சொன்னான். கல்லைக் காய்ச்சியதும் பாலைப் பிழிந்ததும் அவள். தட்டைத் தூக்கிக்கொண்டு போனது அவன். மேஜையருகே நின்று, இது என் அம்மா கைப்பக்குவம், சின்ன வயதிலிருந்து சாப்பிட்டது என்று கதை விட்டான். முதலாளி அம்மாள் எழுந்து நின்று கைதட்டினாள். உள்ளே திரும்பி வந்து மிலாவின் கன்னத்தைக் கிள்ளி, "தௌ, உன் மீன் இனிமே என் மீன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

அந்த ஒரு தட்டில் அவன் தலைமைச் செஃப் ஆகிவிட்டான்.

அதை அறிவிக்க டேரன் எல்லோரையும் கூடத்தில் கூட்டினார். பாட்டு, ஜெபம் எல்லாம் முடிந்து எரோனிக்கு மாலை போட்டு, பெயர் தைத்த புது வெள்ளைக் கோட்டைக் கையில் கொடுத்தார். அப்போதுதான் மிலா எழுந்தாள். நேராகப் போய் அந்தக் கோட்டை அவன் கையிலிருந்து உருவித் தானே போட்டுக்கொண்டாள். கோட்டுக் கை இரண்டும் நீளம், கோட்டு முழங்கால் வரை தொங்கியது. டேரனுக்கும் புரியட்டும் என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள்: "தௌ, என் மீன் உனக்கு. உன் கோட்டு எனக்கு."

அப்படி ஒரு சிரிப்பை அந்தக் கூடத்தில் நான் கேட்டதில்லை. சலவைக்காரக் கிழவிகள் தரையில் உருண்டார்கள். தௌ என்றால் இதுதான். எடுத்தவனிடமிருந்து எடுப்பது. சரியான போடு போட்டாள் பெண் என்று என் நெஞ்சு குளிர்ந்தது. எரோனியும் எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தான். டேரன் மட்டும் சிரிக்கவில்லை. "யார் மீன்?" என்று பக்கத்தில் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார். எரோனி அதைக் கவனித்ததை நான் பார்த்தேன்.

அன்று சாயங்காலமே மிலாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடவே போனேன். யாரும் கூப்பிடவில்லை, போனேன். எரோனி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தான். மேலதிகாரியை எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்தினாள், பொய் சொல்லிப் பெயரைக் கெடுத்தாள், ஒழுங்கு போதாது, தேறவில்லை என்று எரோனி எழுதிக் கொடுத்ததைப் படித்தார் டேரன். மிலா தௌவு உறவைச் சொன்னாள். மூச்சு வாங்க வாங்க, கத்தி, செருப்பு, சாப்பாடு எல்லாவற்றையும் சொன்னாள். டேரன் எரோனியைப் பார்த்து, அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார்.

"இருக்கு சார், ஊர்ல" என்றான் எரோனி. "இது வேலை பாக்கிற இடம். ஊர் விஷயத்தையெல்லாம் நாங்க கேட்லயே விட்டுட்டுத்தான் வர்றோம்."

எனக்கு வந்ததே கோபம். மீன் அவளுடையது, என் கண்ணால் பார்த்தேன், இவன் வாயிலிருந்து வருவது அத்தனையும் புளுகு என்று கத்தினேன். டேரன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, நன்றி பிரபா, ராத்திரி விருந்துக்கு ரொட்டி போட நேரமாகிவிட்டது என்றார். எரோனிதான் தலைமைச் செஃப் என்று பிரிஸ்பேன்காரர்களுக்குச் செய்தி போயாகிவிட்டது. இனி மீன் யாருடையது என்று அவருக்குத் தெரிய வேண்டாம்.

வெளியே வந்ததும் எரோனி மிலாவிடம் தணிந்த குரலில், ஊரிலிருந்து பெரியவர்கள் யாராவது வந்து முறைப்படி மன்னிப்புக் கேட்டால் பார்க்கலாம் என்றான். தௌவுக்குள் மன்னிப்பு ஏதுடி, கோபம் வந்தால்தானே மன்னிப்பு, இவன் உன்னை உறவிலிருந்தே தள்ளிவிட்டான் என்று நான் கத்தினேன்.

"தெரியும் ஆன்ட்டி. வேற வழி இருந்தா சொல்லுங்க" என்றாள். ஊருக்குச் சொல்லியனுப்பினாள்.

அவள் அப்பா பெதேலி வந்தார். கப்பலிலும் பஸ்ஸிலும் கசங்கிப் போன ஒல்லி மனுஷர், கையில் இரண்டு கட்டு யங்கோனா வேர். அதை முன்னால் வைத்துத்தான் மன்னிப்புக் கேட்பது முறை, ஒன்று எரோனிக்கு. இன்னொன்றைச் சந்தையில் விற்று மகளோடு ஊர் திரும்ப வேண்டும். அடுப்படிக்குப் பின்னால் ஈரப்பலா மரத்தடியில் பாய் விரித்தோம். எரோனி நடுவில் உட்கார்ந்தான். பெதேலி தலை நிமிராமல், உட்கார்ந்தபடியே தரையில் நகர்ந்து வந்து, கட்டை அவன் முன்னால் வைத்து, மகள் அறியாமல் செய்த பிழையைப் பொறுக்கச் சொல்லி முறைப்படி வேண்டினார். எரோனி கட்டைத் தொட்டு ஏற்றுக்கொண்டான். இடித்துக் கரைத்து ஊற்றிய முதல் சிரட்டையை ஒரே மடக்கில் குடித்தான். என் மனசு இப்போ சுத்தம், ஒன்றும் இல்லை என்றான்.

பெதேலி முகம் விடிந்தது. "அப்போ பொண்ணோட படிப்பு?" என்று கேட்டார்.

"அது அன்னைக்கே காலேஜுக்குப் போயிடுச்சே. அது ரூல்ஸ், என் கையில என்ன இருக்கு? இது நம்ம முறை. முறைக்கு நான் ஒரு குறையும் வெக்கலயே" என்றான் எரோனி. சொல்லிக்கொண்டே எட்டி, பெதேலியின் பக்கத்தில் இருந்த இரண்டாவது கட்டையும் இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். "தௌ, இதுவும் எனக்கு."

பழக்கம் பாருங்கள், சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். பெதேலியும் சிரித்தார். வாயைத் திறந்து, பல் தெரிய, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மிலா சிரிக்கவில்லை. எழுந்து வந்து எரோனி முன்னால் நின்றாள்.

"எடுத்துக்கோங்க சார். எங்க ஊர்ல உங்களுக்கு இனிமே தௌ யாரும் இல்ல."

இரண்டு ஊரும் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்த உறவு, அதை அறுக்க இவள் யார்? பெதேலி துள்ளி எழுந்து மகளின் கன்னத்தில் அறைந்தார். அந்த மனுஷர் வாழ்க்கையில் அவளை அடித்ததே இல்லையாம், பின்னால் சொன்னாள். பிறகு அப்படியே எரோனி முன்னால் உட்கார்ந்து தலையைக் குனிந்தார். திரும்பவும் மன்னிப்புக் கேட்க வேண்டும். கையில் வைத்துக் கேட்க ஒன்றும் இல்லை. வெறும் இரண்டு கைகளும் பாயில் கிடந்தன.

எரோனி மடியில் இருந்த கட்டைத் தூக்கி அவரிடம் நீட்டினான்.

"இந்தா தௌ. வெறுங்கையோட எப்படிக் கேப்பே? இதை வெச்சுக் கேளு."

நான் பெதேலியின் தோளைப் பிடித்து, வேண்டாம், எழுந்திருங்கள் என்றேன். அவர் என் கையை விலக்கினார். கட்டை இரண்டு கையாலும் வாங்கி, நெற்றிவரை தூக்கி, அவன் முன்னாலேயே மறுபடி வைத்தார். சிவந்த கன்னத்தோடு மிலா அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து தலையைக் குனிந்தாள்.

எரோனி அதை ஏற்றுக்கொண்டான்.