காகிதத்தில் அக்கா

சவப்பெட்டிக்குள் கிடந்த ஹோபர்ட்டின் காலரை வெர்னா இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். வாசலில் முகாம் லாரி வந்து நின்றதுமே மாமியார் ஐடா அவள் கையைப் பிடித்து விலக்கினாள்.

"காப்டன் வந்துட்டாரு. நீ அவனுக்கு அக்கா. வாய் தவறிடாத."

"செத்த பிறகுமா அத்தை?"

"சின்னவன் இன்னும் அங்கதானே இருக்கான்! தெரிஞ்சா அவனையும் துரத்திடுவாங்க. அப்புறம் அடுப்புல எதை வைப்ப?"

வெஸ்ட் வர்ஜீனியாவில் சுரங்கத்தை மூடியபின், வேலையில்லாத பையன்களை அரசாங்கம் காட்டுக்கு அழைத்தது. மரம் நட வேண்டும், பாதை வெட்ட வேண்டும்; சம்பளம் வீட்டுக்கு வந்துவிடும். கல்யாணமானவனுக்கு இடமில்லை. "பேப்பர்லதானடி நீ அக்கா" என்று சிரித்துக்கொண்டே போனான் ஹோபர்ட். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து போனான். இப்போது அவளுக்கு ஆறாம் மாதம். முந்தாநாள், வெட்டிய மரம் திசை மாறிச் சாய்ந்து அவனை அமுக்கிவிட்டது.

லாரியிலிருந்து சின்னவன் லாய்டும் மற்ற பையன்களும் இறங்கினார்கள். கடைசியாக, கறுப்புத் தொப்பி போட்ட ஒரு பெண்.

"அம்மா, இது லொரீன். முகாமுக்குக் கீழ இருக்கிற ஊரு. உங்க பையன் கட்டிக்க இருந்த பொண்ணு," என்றார் காப்டன்.

அட பாவி! வெர்னா திரும்பி லாய்டைப் பார்த்தாள். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான். ஆக, இவனுக்கும் தெரியும். கூடப்பிறந்தவனாக நினைத்த பயல், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஐடா ஒரு நொடிதான் தடுமாறினாள். "வாம்மா" என்று அந்தப் பெண்ணை அணைத்துக் கூட்டிப்போய், பெட்டியின் தலைமாட்டு நாற்காலியில் உட்காரவைத்தாள். காலையிலிருந்து வெர்னா உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

முகாமிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் இவனைப் பிரம்மச்சாரி என்று வெர்னா தன் வாயாலேயே அல்லவா சொல்லி அனுப்பினாள்!

அழுது ஓய்ந்த லொரீன் எழுந்துவந்து அவள் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அக்கா, உங்களப் பத்தி எவ்ளோ பேசுவாரு தெரியுமா? நீங்கதான் தூக்கி வளர்த்தீங்களாமே." பிறகுதான் வயிற்றைக் கவனித்தாள். "ஐயோ, இந்த நேரத்துல நின்னுட்டே இருக்கீங்களே! உங்க வீட்டுக்காரரு எங்க?"

காப்டன் திரும்பிப் பார்த்தார்.

"இங்கதான் இருக்காரு," என்றாள் வெர்னா.

"யாராவது அக்கா வீட்டுக்காரரக் கொஞ்சம் கூப்பிடுங்களேன்," என்று லொரீன் வாசல் பக்கம் குரல் கொடுத்தாள்.

வாசலை அடைத்து நின்ற பையன்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள்.